பாகு மட்டும் போதுமா? – தேனீ வளர்ப்போர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தீனியைப் பற்றியவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வாரம் தவறாமல் சர்க்கரைப் பாகு வைக்கிறேன், தேனீக்களும் குடித்துத் தீர்த்துவிடுகின்றன. ராணி முட்டை இட்டதைக் கண்ணால் பார்த்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் மறுபடியும் முட்டைதான் இருக்கிறது, வளர்ந்த புழுவைக் காணோம். ராணியை மாற்றிவிடலாமா அம்மா?

ராணிமேல் பழி போடாதீர்கள். அவள் வேலையை அவள் ஒழுங்காகச் செய்கிறாள். அடுத்த முறை புழுச் சட்டத்தை எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். நடுவே முட்டையும் புழுவும், மேல் ஓரத்தில் தேனும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் வில்லாக வளைந்து மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று கலந்த ஒரு பட்டை இருக்க வேண்டும். அதுதான் மகரந்தச் சேமிப்பு. உங்கள் பெட்டியில் அந்தப் பட்டை அநேகமாக இருக்காது. பிறகு, முட்டையிலிருந்து வந்து ஓரிரு நாளான புழு ஒன்றைத் தேடுங்கள். நல்ல கூட்டில் அது வெள்ளைக் கூழில் மிதக்கும். பஞ்சம் பிடித்த கூட்டில் அறையின் அடி காய்ந்து, புழு வெறும் மெழுகின்மேல் கிடக்கும்.

அந்தக் கூழ் செவிலித் தேனீயின் தலைக்குள் இருக்கும் சுரப்பிகளில் ஊறுகிறது. சுரக்கப் புரதம் வேண்டும், புரதத்துக்கு மகரந்தம் வேண்டும். பாகு பறக்கத் தெம்பு கொடுக்கும், பிள்ளை வளர்க்க உதவாது. மகரந்தம் தீர்ந்தால் செவிலிகள் முதலில் தங்கள் உடம்பில் சேர்த்து வைத்திருப்பதைக் கரைத்து ஊட்டும். அதுவும் வற்றிப்போனால் இளம்புழுக்களைத் தின்றுவிடும். கேட்கவே மனம் பதைக்கும். ஆனால் அந்தப் புரதம்தான் மிச்சமிருக்கும் புழுக்களுக்குக் கூழாகத் திரும்புகிறது. நீங்கள் தேடும் புழுக்கள் போன வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

புரதத்தைக் கட்டும் செங்கற்கள் அமினோ அமிலங்கள். அவற்றில் தேனீயால் தானாகச் செய்துகொள்ள முடியாதவை பத்து என்று டி குரூட் என்ற ஆய்வாளர் 1953-இலேயே கண்டு சொன்னார். பத்தில் ஒன்று குறைந்தாலும் மற்ற ஒன்பதும் பாதி வீண். பூவுக்குப் பூ மகரந்தத்தின் புரத அளவும் மாறும். சிலவற்றில் 3 சதவீதம்கூட இராது, சிலவற்றில் 60 சதவீதம் வரை இருக்கும். அதனால்தான் ஒரே பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் பூத்துக் கிடக்கும் இடத்தில் பெட்டி நிறையத் தேனும், மெலிந்த தேனீக்களும் ஒன்றாகக் கிடைக்கின்றன. 2010-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், பல பூ மகரந்தம் தின்ற தேனீக்களிடம் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி கூடுதலாக வேலை செய்தது. கூட்டின் உணவைக் கிருமி அண்டாமல் காக்கும் நொதி அது. ஒரே பூவின் மகரந்தத்தில் புரதம் அதிகமாக இருந்தும்கூட அந்த அளவை எட்டவில்லை.

ராணியை விட்டுவிடுங்கள். பெட்டியை, வெவ்வேறு பருவத்தில் பூக்கும் செடி, கொடி, மரம், களை எல்லாம் கலந்திருக்கும் இடத்துக்கு நகர்த்தப் பாருங்கள். களையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பயிர் பூக்காத மாதங்களில் கூட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

கேள்வி: மகரந்தம் இல்லாத மாதத்தில் சோயா மாவும் பால் பவுடரும் பிசைந்து கொடுக்கலாம் என்கிறார்களே?

நான் வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் இதையேதான் செய்தேன். பால் பவுடரைத் தாராளமாகச் சேர்த்துப் பிசைந்து சட்டங்களின்மேல் வைத்தேன். புரதம்தானே, எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானே என்று நினைத்தேன். சில நாளில் வயிறு உப்பிய தேனீக்கள் வாசற்பலகையில் ஊர்ந்தன. பெட்டியின் முன்பக்கமெல்லாம் பழுப்புக் கறை. அந்தக் கூடு மீளவே இல்லை. இன்றைக்கும் அது என் மனசில் உறுத்துகிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பாலில் உள்ள லாக்டோஸ், சோயாவில் உள்ள ஸ்டாக்கியோஸ், ராஃபினோஸ் ஆகிய சர்க்கரைகள் நமக்குப் பெரிய தொல்லை இல்லை, தேனீக்கு நஞ்சு. சோயாவே கொடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். கொழுப்பு நீக்கிய மாவைக் கொஞ்சமாக, ஈஸ்ட்டோடு கலந்து, பஞ்ச காலத்தைத் தாண்ட மட்டும் கொடுக்கலாம். நோயில்லாத சொந்தக் கூடுகளில் எடுத்த மகரந்தம் இருந்தால் அதையும் சேருங்கள். அதுவும் புதிதாக இருக்கட்டும். பழைய மகரந்தம் தின்ற தேனீக்களின் குடலில் பாக்டீரியாக்களின் சேர்மானமே கெட்டுப்போவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மாற்றுத் தீனி எதிலும் தொடர்ந்து விடுபட்டுவந்த ஒன்று ஸ்டீரால். கொலஸ்டிரால் குடும்பத்தைச் சேர்ந்த கொழுப்பு இது. தேனீ இதைத் தானாகச் செய்துகொள்ளாது, மகரந்தத்திலிருந்துதான் எடுக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் ரைட் குழுவினர், தேனீக்கு வேண்டிய ஆறு ஸ்டீரால்களையும் தயாரிக்கும்படி ஒரு ஈஸ்ட்டை மாற்றியமைத்தார்கள். வெளி மகரந்தம் கிடைக்காத கண்ணாடிக் குடிலில் கூடுகளை மூன்று மாதம் வைத்து அதை ஊட்டினார்கள். ஸ்டீரால் இல்லாத தீனி தின்ற கூடுகளைவிட 15 மடங்கு வரை அதிகமான புழுக்கள் கூட்டுப்புழு நிலைக்கு வந்தன. 2025-இல் நேச்சர் இதழில் இது வெளியானது. படித்த அன்று எனக்கு அந்தப் பழைய கூடுதான் நினைவுக்கு வந்தது.

கேள்வி: தேனீக் குடலிலும் நல்ல பாக்டீரியா உண்டு என்று கேள்விப்பட்டேன். புரோபயாட்டிக் பவுடரைப் பாகில் கலந்து வைத்தால் கூடு பலப்படுமா?

உண்டு என்பது சரி. பவுடர் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இறந்த தேனீயின் கடைசி வளையத்தை இடுக்கியால் மெல்ல இழுத்தால் குடல் முழுதும் ஒரு நூலாக வெளியே வரும். முன்னால் கண்ணாடி போன்ற தேன்பை. அடுத்து, வளையம் வளையமாகச் சுருங்கிய இளம்பழுப்பு நடுக்குடல். நோசிமா என்ற குடல் நோய் முற்றியிருந்தால் இது பால்வெள்ளையாகிவிடும். அதன்பின் மெல்லிய சிறுகுழல், கடைசியில் மஞ்சளாகப் புடைத்த மலப்பை. மகரந்தத்தின் வெளித்தோல் இரும்புபோலக் கெட்டி. உள்ளே இருப்பதை நடுக்குடல் உறிஞ்சிக்கொள்ள, தோலும் மிச்சமும் பின்குடலுக்கு வருகின்றன. பாக்டீரியாக்கள் குடியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். ஒரு பணித் தேனீயில் சுமார் 100 கோடி.

எண்ணிக்கை பெரிது, வகை கொஞ்சம். பத்துக்கும் குறைவான வகைகளே ஏறக்குறைய எல்லா இடத்தையும் பிடித்திருக்கின்றன. ஸ்னாட்கிராசெல்லா சிறுகுழலின் சுவரில் படலமாக ஒட்டி, அங்குள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் கில்லியமெல்லா உட்கார்ந்து மகரந்தச் சுவரின் பெக்டினை உடைக்கிறது. தேனீக்கு ஆகாத மானோஸ் போன்ற சர்க்கரைகளையும் அதன் சில ரகங்கள் செரித்துவிடுகின்றன. மலப்பையில் லாக்டோபேசில்லஸ் வகைகளும் பிஃபிடோபாக்டீரியமும். கில்லியமெல்லா என்ற பெயர் தேனீயின் நுண்ணுயிர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த மார்த்தா கில்லியம் நினைவாக வைத்தது. அவர் பெயர் தேனீயின் குடலிலேயே நிலைத்துவிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் கேள்விக்கான விடை இனிதான். மெழுகு மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் புதுத் தேனீயின் குடலில் பாக்டீரியா அநேகமாக இல்லை. அடையைச் சுத்தம் செய்யும்போதும், மூத்த தேனீக்களோடு உரசி வாழும்போதும், அவற்றின் கழிவின் வழியாகவும் முதல் சில நாளில் எல்லாம் வந்து சேர்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் தேனீ தேனீக்குக் கொடுத்துவரும் சீதனம் அது. மனிதக் குடலுக்கோ கால்நடைக்கோ தயாரித்த பாக்டீரியா அங்கே வேர்பிடிப்பதில்லை. தேனீக்கென்றே விற்ற ஒரு பவுடரைப் பெட்டிகளில் வைத்துச் சோதித்தபோதும், மருந்தால் குலைந்த குடலை அது மீட்கவில்லை. தேனீயிடமிருந்தே எடுத்து வளர்த்த பாக்டீரியாவைக் கொடுத்த ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் பவுடர் அது அல்ல.

கூடு நோயில்லாமல், தேனீ மட்டும் குறைவாக இருந்தால், நல்ல கூட்டிலிருந்து செவிலித் தேனீக்களோடு ஒரு புழுச் சட்டத்தை எடுத்து வையுங்கள். பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும்.

கேள்வி: நோய் வருவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் நிம்மதிதானே?

இல்லை. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி மோரன் குழுவினர் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் ஊட்டிய தேனீக்களை அடையாளமிட்டுக் கூட்டில் விட்டார்கள். மருந்து தின்னாதவற்றைவிட அவற்றில் மிகக் குறைவானவையே உயிரோடு மிஞ்சின. குடல் பாக்டீரியா குலைந்த தேனீக்களைச் செராஷியா என்ற சந்தர்ப்பவாதக் கிருமியும் எளிதில் சாய்த்தது. போதாததற்கு, புழுக்களைக் கொல்லும் அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற பாக்டீரியா நோயின் வித்துகளை இந்த மருந்து தொடுவதே இல்லை. மருந்து அறிகுறியை மறைக்கும், வித்து அடையிலேயே பல ஆண்டு காத்திருக்கும். நோய் உறுதியானால், கால்நடை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்.

கேள்வி: களைக்கொல்லி பூச்சியைக் கொல்லாது என்கிறார்களே, தேனீக்கு ஆபத்து இல்லையா?

கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி தாக்கும் நொதி செடியில் உண்டு, தேனீயின் உடம்பில் இல்லை. ஆனால் அதன் குடல் பாக்டீரியாக்களில் உண்டு. 2018-இல் வெளியான ஆய்வில் அதை ஊட்டிய தேனீக்களிடம் ஸ்னாட்கிராசெல்லா குறைந்துபோனது. பூக்கும் நேரத்தில் தெளிக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். பாக்டீரியா இல்லாமலே ஒரு தேனீயை வளர்க்க முடியுமா டீச்சர்?

முடியும் கண்ணு. கூட்டுப்புழு தேனீயாகி வெளிவருவதற்குச் சற்று முன் இடுக்கியால் அடையிலிருந்து எடுத்து, கிருமி நீக்கிய பெட்டியில் விடுவார்கள். சாப்பிடும், நடக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தராசில் வைத்தால் தெரியும். பாக்டீரியா உள்ளவற்றைவிட எடை குறைவாக இருக்கும் என்று 2017-இல் வந்த வேறோர் ஆய்வு காட்டியது. பாக்டீரியாக்கள் பின்குடலில் மகரந்தத்தை நொதிக்கவைத்துத் தரும் சிறு கொழுப்பு அமிலங்கள் அதற்குக் கிடைப்பதில்லை.

பள்ளி நுண்ணோக்கியில் பாக்டீரியாவைப் பிரித்தறிவது சிரமம், மகரந்தத் தோல்கள் நன்றாகத் தெரியும். பெட்டி வாசலில் இறந்து கிடக்கும் தேனீ போதும், உயிருள்ளதைப் பிடிக்காதே. இறந்த பிறகும் கொடுக்கு குத்தும், கையுறை போட்டுக்கொள். மலப்பையை ஒரு சொட்டுத் தண்ணீரில் கீறிவிட்டுப் பார். முள் வைத்தது, வழவழப்பானது, மூன்று மூலை உள்ளது என்று எத்தனை விதம் தெரிகிறதோ அத்தனையும் வரைந்து அனுப்பு. எந்தெந்தப் பூ என்று சேர்ந்து தேடுவோம்.