இரண்டு வாசிப்பு

வணக்கம் மேடம்,

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். வயது 23. எட்டு வயதில் பியானோ கற்கத் தொடங்கி, கிரேடு 8 தேர்வு முடித்து, போன வருடம் டிப்ளமாவும் வாங்கினேன். கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். எனக்குப் பிடித்தது இருபதாம் நூற்றாண்டு இசையும் அதற்குப் பிந்தையதும்தான்: மெஸ்ஸியான், கேஜ், லிகெட்டி. வாசிக்க வாசிக்க அவற்றைப் பற்றிப் படிக்கவும் எழுதவும் ஆசையாக இருக்கிறது. "ஆராய்ச்சியில் இறங்கினால் கை போய்விடும்" என்கிறார் என் பியானோ டீச்சர். நான் போய்ப் பார்த்த ஒரு பேராசிரியர், "மேடை ஆசை இருக்கிறவர்களால் உட்கார்ந்து எழுத முடியாது" என்றார். அப்பா, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேண்டாம். ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணு" என்கிறார். அம்மாவின் வருத்தம் வேறு: "நம்ம பாட்டு இருக்கும்போது, யாரும் கேக்காத வெள்ளைக்காரன் பாட்டு எதுக்கு?" நீங்கள் வாசிப்பு, ஆராய்ச்சி இரண்டையும் செய்கிறீர்கள். ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா? இது பிழைப்புக்கு ஆகுமா?

ச., செம்பூர்
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள ச.,

உங்கள் டீச்சர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அது எனக்கு நடந்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் இரண்டு வருடம் நூலகத்திலேயே கிடந்தேன். தினமும் நாலு மணி நேரமாக இருந்த சாதகம் அரை மணியாகச் சுருங்கி, பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கியது. கை போனது உண்மை. அதோடு என் எழுத்தும் போயிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டு சரியாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெஸ்ஸியான் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்தபோது எழுதிய 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை' உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1941 ஜனவரி 15 அன்று கெர்லிட்ஸ் முகாமிலேயே அரங்கேறியது. பியானோ அவரே வாசித்தார். அதன் முதல் பகுதியில் பியானோவுக்கு 17 கால அளவுகள் கொண்ட ஒரு வரிசை, 29 கார்டுகள் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டுகள்) கொண்ட இன்னொரு வரிசை. இரண்டும் தத்தம் போக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். 17, 29 இரண்டும் பகா எண்கள் என்பதால் 493 கார்டுகள் கடந்தால்தான் இரண்டும் தொடங்கிய இடத்தில் மறுபடி சந்திக்கும். அதற்கு வெகு முன்பே அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. இதையெல்லாம் என் அத்தியாயத்தில் பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தேன். பியானோவைத் தொட்டே பார்க்காத ஒருவரும் அதை எழுதியிருக்கலாம்.

பிறகு மாட்டுங்காவில் ஒரு நண்பர் வீட்டில் நாலு பேர் சேர்ந்து அதை வாசித்துப் பார்க்க உட்கார்ந்தோம். ஒரே வாரத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. கை எப்போதும் கார்டையும் அதன் நீளத்தையும் ஒன்றாக முடிந்துதான் மனப்பாடம் செய்கிறது. இங்கேயோ அந்த முடிச்சு ஒவ்வொரு சுற்றிலும் அவிழ்ந்துபோகிறது. போன தடவை நீண்டு நின்ற கார்டு, இந்தத் தடவை தொட்டதும் போய்விடும். விரலுக்கு அங்கே நிற்கவேண்டும் போலிருக்கும், தாளம் விடாது. வேறு வழியில்லாமல் அந்தப் 17ஐயும் தத்தகாரமாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு, கார்டுகளைக் கையிடம் விட்டேன். காலம் முடிந்துபோவதைப் பற்றிய படைப்பு அது. காலத்தைப் பற்றிக் கை சேர்த்துவைத்திருக்கும் நினைவைத்தான் அது முதலில் பறிக்கிறது என்று அன்றைக்கு என் முன்கை வலியோடு தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை மொத்தமாக நீக்கிவிட்டு மறுபடி எழுதினேன். என் ஆய்வில் இன்றைக்கும் நான் வெட்கமில்லாமல் எடுத்துக் காட்டக்கூடிய பக்கங்கள் அவைதான்.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் அந்த வாரத்தில் இருக்கிறது. புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். நம் மொழி இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இரண்டில் எதை விடுவது என்று யோசித்து நாட்களைப் போக்காதீர்கள். உங்கள் கை கேட்கிற கேள்வி எது என்று தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் சாதகம் செய்யும் நேரமும் ஆய்வு நேரமாகிவிடும். அது கிடைக்காமல் வெறும் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், உங்கள் டீச்சர் சொன்னதும் பேராசிரியர் சொன்னதும் சேர்ந்தே பலிக்கும்.

அம்மாவிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். அந்தப் 17 கால அளவுகள் மெஸ்ஸியான் கற்பனையில் பிறந்தவை அல்ல. ராகவர்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தேசி தாளங்களை, அதாவது நம் பழைய தாள வகைகளை, கோத்துச் செய்தவை. சார்ங்கதேவர் 13ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் என்ற இசை நூலில் தந்த 120 தேசி தாளங்களின் பட்டியல் ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் எடுத்தார். சார்ங்கதேவர் இருந்த தேவகிரி, இன்றைய தௌலதாபாத், நம் மகாராஷ்டிரத்திலேயே இருக்கிறது.

இங்கேதான் உங்களுக்கான கேள்வி ஒன்று தெரிகிறது. மெஸ்ஸியானுக்குக் கிடைத்தது தாளில் அச்சான கால அளவுகள் மட்டும். தட்டு இல்லை, வீச்சு இல்லை, விரல் எண்ணுவது இல்லை, சமத்தில், தாளம் மறுபடி தொடங்கும் இடத்தில், வந்து சேரும் நிம்மதியும் இல்லை. சண்முகானந்தா ஹாலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் ஆதி தாளம் போட்டு வளர்ந்த ஒருத்தி இதை வாசிக்கும்போது, அந்த இல்லாமையை உடம்பால் உணர்வாள். அது இழப்பா, அல்லது அந்த இழப்பால்தான் அவருக்கு வேறொரு காலம் கிடைத்ததா? பாரிஸில் பிறந்து வளர்ந்த பியானோக்காரரை விட இதைக் கேட்க உங்களுக்கு நெருக்கமான வழி இருக்கிறது. கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்தது வீண்போகவில்லை என்று அம்மாவுக்கும் புரியும்.

கேஜைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பியானோ கம்பிகளுக்கு இடையில் திருகாணி, போல்ட், ரப்பர் எல்லாம் செருகி வாசிக்கும் இசை. 1946 முதல் 1948 வரை அவர் எழுதிய சொனாட்டாக்கள், இடையிசைகள் அடங்கிய தொகுப்புக்கு 45 சுரங்களைத் தயார் செய்ய வேண்டும். அந்த நாட்களில் அகமதாபாத்தின் கீதா சாராபாய் நியூயார்க்கில் அவருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார், பதிலுக்கு அவரிடம் கௌண்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னும் முறை) கற்றார். அந்தத் தொகுப்பில் வரும் நவரசம் என்ற எண்ணம், கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசாமியைப் படித்து கேஜுக்கு வந்தது. குமாரசாமி கொழும்பில் ஒரு தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்தவர். இதையும் அம்மாவிடம் சொல்லலாம்.

கேஜின் இந்தத் தொகுப்பை வாசிக்க நான் பட்ட பாடு கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் படுவீர்கள். ஒரு அரங்கில் நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். கம்பிக்குள் போல்ட் வைக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் பியானோவைப் பூட்டிவிட்டார்கள். அவர்கள் பயத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். நம் ஊர்க் கடற்காற்றில் ஒரு கிராண்ட் பியானோவைக் காப்பாற்றி வைப்பது சாதாரணக் காரியமில்லை. மழைக்காலத்தில் கட்டைகள் ஊறி உப்பிக்கொள்ளும், அழுத்திய கட்டை எழும்பாது. என் அப்ரைட் பியானோவுக்குள் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருக்கும். கடைசியில் ஒரு நண்பர் வீட்டில் யாரும் தொடாமல் கிடந்த பழைய பேபி கிராண்டை வாசிக்கத் தந்தார்கள். எந்தக் கம்பியில், டேம்பரிலிருந்து (கம்பியின் ஒலியை அடக்கும் பகுதி) எத்தனை அங்குலத்தில், எந்தப் பொருள் என்று கேஜ் ஒரு அட்டவணையே தந்திருக்கிறார். அளவுகோலோடு குனிந்து மூன்று மணி நேரம் செருகினேன். வந்த ஒலி நான் ரெக்கார்டுகளில் கேட்டது போல இல்லை. பியானோவின் நீளம் வேறு, கம்பியின் நீளம் வேறு. அதே அங்குலம் வேறொரு இடத்தில் விழுகிறது. அங்குலத்துக்கு விசுவாசமாக இருப்பதா, காதில் இருக்கும் ஒலிக்கு விசுவாசமாக இருப்பதா? மற்ற ஸ்கோர்களில், அதாவது இசைத்தாள்களில், எழுதியிருப்பதே கேட்கும். இங்கே ஸ்கோர் கை செய்யவேண்டியதைத்தான் சொல்கிறது, கேட்கப்போவதைச் சொல்லவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு இரண்டு வருடத்துக்கான கேள்வி கிடைத்தது.

பேராசிரியர் சொன்னதற்கு மறுமொழியாகச் சிலரை நினைவுபடுத்துகிறேன். சார்ல்ஸ் ரோசன் பிரெஞ்சு இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டரின் இரட்டைக் கான்செர்ட்டோ 1961இல் அரங்கேறியபோது பியானோ வாசித்தவர். செவ்வியல் இசைநடையைப் பற்றிய அவருடைய நூல் 1971இல் வந்தது. ஹைடன், மோட்சார்ட்டைப் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது. பியானோ கலைஞர் பீட்டர் ஹில் மெஸ்ஸியானிடமே பாடம் கேட்டவர், அவருடைய பியானோ படைப்புகள் முழுவதையும் பதிவு செய்தவர், வாழ்க்கை வரலாற்றையும் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவர். மெஸ்ஸியானின் கையெழுத்துத் தாள்களுக்குள் 2012இல் ஒரு பறவைப் படைப்பின் பென்சில் பிரதியைக் கண்டெடுத்து, வாசிக்கத்தக்க வடிவுக்குக் கொண்டுவந்து, மறுவருடம் தானே மேடையில் வாசித்தார். இத்தனை வருடம் அந்த இசையைக் கையில் வைத்திருந்ததால்தான் பென்சில் கீறல்களுக்குள் அவரால் அதைக் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு இவர்களைவிட நெருக்கமான உதாரணங்கள் வேண்டும் என்றால், தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரைச் சொல்லுங்கள். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் சுருதிகளைப் பற்றிய தன் கட்டுரையோடு மகள்களையும் அழைத்துப்போய், சொன்னதை இசைத்துக் காட்டவைத்தார். குடந்தை ப. சுந்தரேசனார் பண்களைப் பற்றிப் பேசுவார், பேச்சு ஓரிடத்தில் பாட்டாகிவிடும். பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி விளக்குவார். அவர் பேச்சில் ஆய்வு எங்கே முடிகிறது, கச்சேரி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அவரை யாரும் சொன்னதில்லை.

பிழைப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மேற்கத்திய இசை ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களில் வேலை மிகக் குறைவு. நம் மும்பையின் இசையமைப்பாளர் வன்ராஜ் பாட்டியா லண்டனிலும் பாரிஸிலும் படித்துத் திரும்பி, 1960 முதல் 1965 வரை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இசையியல் ரீடராக இருந்தார். அவ்வளவு பெரிய படைப்பாளிக்கும் விளம்பர இசையும் சினிமாவும்தான் சோறு போட்டன. என் வருமானத்தில் பெரும்பங்கு கிரேடு எக்ஸாம் எழுதும் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. மிச்சம், பாடகர்களுக்கும் வயலின் மாணவர்களுக்கும் பக்கவாசிப்பு, நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவது, வருடத்தில் சில உரைக் கச்சேரிகள். சமகாலப் பியானோவை மட்டும் வாசித்து மும்பையில் வாடகை கட்டுகிற யாரையும் எனக்குத் தெரியாது. கேட்க ஆள் இல்லை என்று அம்மா சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். முப்பது பேர் முன்னால் முதலில் பத்து நிமிடம் பேசி, நாலு இடங்களை வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு முழுவதும் வாசித்தால் முப்பது பேரும் கேட்கிறார்கள். லெக்-டெம் (விளக்கிப் பேசி, பாடிக் காட்டும் நிகழ்ச்சி) கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். மாட்டுங்கா மாமிகள் கேஜைக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்ட கேள்விகள் சில கருத்தரங்குகளில் கேட்டவற்றை விடக் கூர்மையானவை.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பதானால் பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அமெரிக்காவில் டி.எம்.ஏ. என்பது வாசிப்பை மையமாகக் கொண்ட முனைவர் பட்டம். கச்சேரிகள், பெரும்பாலும் ஒரு உரைக் கச்சேரி, கூடவே ஒரு எழுத்து. இசையியல் பிஎச்.டி. முழுக்க எழுத்து. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வாசிப்பையே ஆய்வு முறையாகக் கொள்ளும் முனைவர் படிப்புகள் இருக்கின்றன. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1996இல் தொடங்கிய ஆர்ஃபியஸ் இன்ஸ்டிட்யூட் இதற்கென்றே இயங்குகிறது. உங்களுக்கு இந்த மூன்றாவது வகைதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. பெரிய கடன் வாங்கிப் போகாதீர்கள். பக்கவாசிப்பு வேலைக்குக் கட்டணத்தைக் கழித்து உதவித்தொகை தரும் இடங்கள் இருக்கின்றன. டிப்ளமா வரை வந்த உங்கள் கைக்கு, பார்த்தவுடன் வாசிக்கும் பழக்கத்தை இந்த வருடம் ஏற்றினால், அந்த வாசல் திறக்கும். சேரும் முன் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: வழிகாட்டப் போகிறவர் இப்போதும் வாசிக்கிறாரா?

அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்த நால்வர் இசையின் முதல் பகுதியில் பியானோ பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டுகளை ஒதுக்கிவிட்டு 17 கால அளவுகளையும் ஒரு வாரம் கையால் தட்டி, வாயால் சொல்லுங்கள். அடுத்த வாரம் கார்டுகளைச் சேருங்கள். எங்கே கை மறுக்கிறதோ, அங்கே பென்சிலால் குறித்துவைத்து, அன்று இரவே அதைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். நான் குறித்துவைத்த என் பிரதி அலமாரியில் இருக்கிறது. இருவர் கையும் ஒரே இடத்தில்தான் மறுத்ததா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.