வாசகர் கேள்வி – பதில்: கேட்பதற்கு முன் ஒரு நன்றி

கேள்வி: தினமும் சாமியறையில் விளக்கேற்றுகிறேன். ஆனால் கைகூப்பியதும் மகனின் பரீட்சை, கணவரின் வேலை, கடன் என்று வேண்டுதல்களே வாயில் வருகின்றன. நன்றி சொல்லி வழிபடும் பழக்கத்தை எவ்வாறு ஏற்படுத்திக்கொள்வது?
– ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: சகோதரி, வேண்டுதல் குற்றமன்று, பிள்ளை தாயிடம் கேட்பதைப் போன்றதே அது. ஆயினும், கேட்கத் தொடங்குமுன், நேற்றைய நாளில் கிடைத்த ஒன்றேயொன்றைக் குறிப்பாக நினைத்து, அதற்காக நன்றி சொல்லுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று பொதுப்படச் சொல்வது எளிதில் வாய்ப்பாடாகிவிடும். என் அம்மா அதிகாலையில் கிணற்றடியில் முகம் கழுவி, திருநீறு பூசிக் கிழக்கே பார்த்து, "நேற்று மழை தந்தாய், கிணறு ஊறியிருக்கிறது அப்பனே" என்பார். பல நாட்களில் அவருடைய வழிபாடு அவ்வளவுதான், ஆனால் அதில் ஒரு சொல்லும் வெறுமையாக இருந்ததில்லை.

உங்கள் திருகோணமலையின் கோணேசர் கோயிலையே எண்ணிப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த அக்கோயிலின் பழைய திருவுருவங்கள் சில, 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணிலிருந்து வெளிப்பட்டன. கோயில் மீண்டும் கட்டப்பட்டு, 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. இன்று அக்கோயில் நிற்கும் சுவாமி மலையில் ஏறி அங்கே கைகூப்பி நிற்க வாய்ப்பதே நன்றிக்குரியது என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

மனம் பாரமாயிருக்கும் நாளில் நன்றியை வலிந்து வரவழைக்க வேண்டாம். அன்று அழுதாலும் அது வழிபாடே. இன்னொன்று: நீங்கள் நினைத்த நன்மை ஒரு மனிதர் வழியாக வந்ததாயின், அவர் பிள்ளையை மழையில் நனையாமல் கொண்டுவந்து விட்ட ஓட்டோக்காரராயினும், கறிக்கு மீன் கொடுத்தனுப்பிய அயல்வீட்டு அக்காவாயினும், அன்று மாலைக்குள் அவரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்.