பாலைவனத்துக்கும் தனுஷ்கோடிக்கும் போக 40,000 ரூபாய்க்கு கேமரா சாமான் வாங்கணுமா?

கேள்வி: அண்ணே, நான் தேவகோட்டை. ஜனவரில ஜெய்சால்மர் போறேன், வந்த கையோட தனுஷ்கோடியும் போகணும். கிட் லென்ஸோட வந்த சாதா கேமராதான் வச்சிருக்கேன். மணலும் உப்புக்காத்தும் பட்டா போயிரும்னு கடையில சொல்றாங்க, வெதர் சீல்டு பாடி, லென்ஸ் முன்னாடி மாட்டுற யூவி ஃபில்டர் கண்ணாடி ரெண்டு, க்ளீனிங் கிட்னு 40,000 ரூபாய்க்கு எழுதிக் குடுத்துருக்காங்க. வாங்கிரவா?

வாங்காதீங்க தம்பி. அந்த சீட்டையும் கிழிச்சுப் போட்டுருங்க.

மணல் கேமராக்குள்ள போறதுக்கு முக்கியமா ரெண்டு வழிதான். லென்ஸ் மாத்துறப்ப தொறந்து கெடக்குற வாய் ஒண்ணு, ஜூம் பண்றப்ப முன்னப்பின்ன போயிட்டு வர்ற குழாய் இன்னொண்ணு, அது வெளிய நீளும்போது காத்த உள்ள இழுக்கும், காத்தோட தூசியும் சேந்து வரும். அதனால எந்த லென்ஸ்னு ரூம்லயே முடிவு பண்ணி மாட்டிட்டுக் கெளம்புங்க, மணல்மேட்டுல நின்னுக்கிட்டு மாத்துற வேலையே வேணாம். காத்தடிக்கிறப்ப ஜூம நோண்டாதீங்க, கால் இருக்குல்ல, நடந்து கிட்ட போங்க. ட்ரைபாட் வச்சா அடிக்கால கொஞ்சம் இழுத்து விட்டுட்டு ஊனுங்க, பூட்டு மணலுக்கு மேல நிக்கும்.

ராத்திரி ரூமுக்கு வந்ததும் துணிய எடுத்து லென்ஸ தேய்க்கிறதுதான் எல்லாரும் பண்ற வேலை. மணல் ஒட்டியிருக்கறப்ப துணி போட்டா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச கதைதான். லென்ஸ கீழ பாத்த மாதிரி புடிச்சுக்கிட்டு ரப்பர் ப்ளோயரால ஊதுங்க, அப்புறம் மெல்லிசா பிரஷ், கடைசியாத்தான் துணி. வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். பஞ்சர் கடை ஏர் பைப்புல அடிச்சு சுத்தம் பண்றவங்களும் இருக்காங்க, அந்த ப்ரஷர்ல மேல கெடந்த மணல் பூராம் உள்ள போய் உக்காந்துக்கும்.

இந்த வெதர் சீல்டுங்கறத பத்தி ஒண்ணு கேட்டுக்கங்க. தூசி, தண்ணிய எவ்வளவு தாங்கும்னு சொல்ல மொபைல்ல ஐபி68னு ஒரு நம்பர் போடுவாங்க, முக்காவாசி கேமரால அப்படி எந்த நம்பரும் கெடையாது, "தூசி, தண்ணி தாங்கும்"னு வெறும் வாய்ப்பேச்சுதான். பாடிக்கு சீல் இருந்தும் உங்க கிட் லென்ஸோட பின்பக்கம் ரப்பர் வளையம் இல்லாட்டி, வாசக்கதவப் பூட்டி கொல்லக்கதவத் தொறந்து போட்டாச்சு. சரி, அதயும் நம்பி வாங்கிட்டீங்க, மணல் போயிருச்சு, வாரண்டி கேப்பீங்க. வாரண்டி பேப்பர்லயே மணலு, தண்ணியெல்லாம் கணக்குல வராதுன்னு பொடி எழுத்துல போட்டுருப்பான். விக்கிறப்ப பெரிய எழுத்து, ரிப்பேர்னா பொடி எழுத்து. நம்ம பக்கம் குடுத்தா அனேகமா சென்னைக்குப் பார்சல் போகும், அங்க கெடக்கும், நீங்க போன் பண்ணிக்கிட்டே இருக்கணும், கடைசில புது பாடி விலைல பாதிய எஸ்டிமேட்னு அனுப்புவாங்க. மொபைல் ஐபி68ங்கறதும் நல்ல தண்ணில சோதிச்சதுதான், கடல் தண்ணிக்கு இல்ல, அலைக்குள்ள முக்கி வீடியோ எடுக்காதீங்க.

நெசத்துல நீங்க பயப்பட வேண்டியது ஜெய்சால்மருக்கு இல்ல, தனுஷ்கோடிக்குத்தான். மணல் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. காத்துல இருக்குற ஈரத்த இழுத்து வச்சுக்கிட்டு ஸ்க்ரூ, ஃப்ளாஷ் மாட்டுற எடம்னு மெல்ல அரிக்கும். அன்னிக்கு ராத்திரியே துணிய நல்ல தண்ணில நனச்சு ஒட்டப் பிழிஞ்சு பாடிய தொடைங்க, பின்னாடியே காஞ்ச துணி. ட்ரைபாட் கால நல்ல தண்ணில அலசி விரிச்சு வச்சுக் காயவிடுங்க. கார்ல ஏசி போட்டுக்கிட்டுப் போனா கேமரா பைய டிக்கில வைங்க, இல்லாட்டி எறங்குனதும் கண்ணாடி பூரா வேர்த்துரும். வீட்டுக்கு வந்ததும் லெதர் உறைல போட்டு பீரோல வைக்கிறது, அரிசிப் பானைக்குள்ள பொதைக்கிறது ரெண்டும் வேணாம், மொதலாவதுல ஃபங்கஸ் வரும், ரெண்டாவதுல அரிசி மாவு லென்ஸ் இடுக்குல போகும். இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், போதும்.

யூவி ஃபில்டர் வேண்டாம்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றது. டிஜிட்டல் சென்சாருக்கு அதால பிரயோஜனம் இல்ல, கடைக்குத்தான் லாபம், லென்ஸ் முன்னாடி குழல் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிற ஹூட் மாட்டுனாலே பாதி காப்பு. ஒரே ஒரு எடத்துல விலக்கு உண்டு, அது தனுஷ்கோடிதான். அதுவும் ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து அடிக்கிற காலத்துல, மணல் கீழ கெடக்காது, கணுக்கால் உசரத்துல பறந்து வந்து அடிக்கும், தாழ வச்சு எடுத்தா முன்கண்ணாடில நேரா விழும். அப்ப ஒண்ணு மாட்டிக்கங்க, விலை கம்மியா கெடைக்குதுன்னு வாங்காம கோட்டிங் போட்டதா ஒண்ணே ஒண்ணு, லென்ஸ் முன்னாடி Ø குறி பக்கத்துல போட்டுருக்குற மில்லிமீட்டர் நம்பரப் பாத்து வாங்குங்க. சூரியன் ஃப்ரேமுக்குள்ள வந்தா கழட்டிருங்க, பச்சையா பேய் மாதிரி புள்ளி விழும். நீங்க போறது ஜனவரி, அதனால உங்களுக்கு அதுவும் வேணாம்.

தனுஷ்கோடில இன்னொண்ணு, "வேன்லதான் போக முடியும், ஆளுக்கு இம்புட்டு"ன்னு யாராச்சும் மறிச்சா நகந்துருங்க. 2017லயே கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தாச்சு, நம்ம வண்டிலயே போகலாம், 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்சும் போற வழிலதான் இருக்கு. சாயந்தரம் ஆனா போலீஸ் திருப்பி அனுப்பிருவாங்க, ராத்திரி நட்சத்திரம் எடுக்க ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கித் தர்றேன்னு எவனாச்சும் காசு கேட்டா குடுக்காதீங்க.

ட்ரோன் வாடகைக்கு எடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. வேணாம். தனுஷ்கோடி போற வழில உச்சிப்புளில கடற்படையோட ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கு, ஜெய்சால்மர்ல விமானப்படைத் தளமும் பாகிஸ்தான் பார்டரும். 2021 ட்ரோன் விதில எங்க பறக்க விடலாம், எங்க கூடாதுன்னு சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மேப் போட்டுருக்காங்க, ஆனா கேமராவோட போற சாதா மனுசனுக்குப் புரியிற மாதிரி எடத்துல ஒரு போர்டு வைக்கணும்னு எவனுக்கும் தோணல, புடிக்க மட்டும் ஆள் இருக்கு. வாடகைக்கு விடுறவன் அப்ப போன எடுக்க மாட்டான்.

ஆக வாங்க வேண்டியது ப்ளோயர், நல்ல மைக்ரோஃபைபர் துணி ரெண்டு, லென்ஸுக்கு ஹூட், சிலிக்கா ஜெல், ஆயிரம் ரெண்டாயிரத்துல முடிஞ்சுரும். மணல் வெளுப்பா இருக்கறதால கேமராக்குள்ள வெளிச்சத்த அளக்குற மீட்டர் ஏமாந்து படத்த இருட்டாக்கும், எக்ஸ்போஷர ப்ளஸ் 1 பக்கத்துல வச்சுப் பாருங்க. மிச்சக் காசுல ஜெய்சால்மர் பக்கத்துல மணல்மேடு இருக்குற கூரி கிராமத்துல ஒரு ராத்திரி கூடத் தங்குங்க. ஜெய்சால்மர்லேர்ந்து 40 கிலோமீட்டர்ல இருக்குற சாம் மணல்மேட்டுல சாயந்தரம் ஜீப் தடமும் ஒட்டகச் சவாரியுமாத்தான் இருக்கும், ராத்திரி காத்து அதயெல்லாம் அழிச்சப்புறம் விடியக்காலைலதான் படம். அங்க ஜனவரில சூரியன் வர ஏழரை மணி ஆகும், நம்மூர் கணக்குல நாலு மணிக்கே எழுப்பி "சன்ரைஸ் பேக்கேஜ்"னு ஜீப்புல ஏத்துறவன்கிட்ட அந்த மூணரை மணி நேரக் குளிர்ல என்ன காட்டப் போறான்னு கேட்டுட்டு ஏறுங்க.