தருமபுரியிலிருந்து அவசரமாக டெல்லி செல்ல வேண்டும். கடைசி நேரத்தில் குறைந்த கட்டணத்தில் விமான டிக்கெட் கிடைக்குமா?

நீங்கள் தருமபுரியில் இருக்கிறீர்கள். டெல்லியில் நாளை மறுநாள் நேர்முகத் தேர்வு. ரயிலில் தட்கல் கிடைத்தாலும் இரண்டு இரவுப் பயணம் என்பதால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. புறப்படும் நாள் நெருங்க நெருங்கக் காலி இருக்கைகளை மலிவாகத் தள்ளிவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்திய உள்நாட்டு விமானங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையன்று. கடைசி இரண்டு மூன்று நாள்களில் டிக்கெட் தேடுபவர் அலுவலகச் செலவில் செல்பவராகவோ, துக்கத்துக்கோ தேர்வுக்கோ போயே தீர வேண்டியவராகவோ இருப்பார் என்பதும், விலை ஏறினாலும் அவர் வாங்கத்தான் செய்வார் என்பதும் விமான நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். கட்டணத்தை அவையே நிர்ணயித்துக்கொள்கின்றன. கொரோனா காலத்தில் 2020 மே மாதம் அரசு விதித்த உச்சவரம்பும் 2022 ஆகஸ்ட் 31 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே விலை சரியும் என்று காத்திருப்பது வீண். இருப்பவற்றுள் குறைந்ததை இன்றே கண்டுபிடித்து வாங்குவது ஒன்றுதான் உங்கள் முன் உள்ள வழி, அதற்கு ஓரளவு இடம் இருக்கிறது.

முதலில் விலை எப்படி ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே விமானத்தின் சாதாரண வகுப்பு இருக்கைகளையே பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கின் விலை திரையில் தெரியும். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே டிராவல்ஸ் நடத்தும் என் நண்பர், மூன்று பேர் கொண்ட குடும்பம் வந்து உட்கார்ந்தால் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுவார், அந்த விலையைத் தாளில் குறித்துக்கொண்டு இருவருக்குத் தேடுவார், பிறகுதான் மூவருக்கு. தலைக்கு 5,800 ரூபாய் காட்டிய டிக்கெட் மூவர் என்றதும் 6,900 ரூபாயாகிவிட்டால், கீழ் அடுக்கில் இரண்டு இருக்கைகளே மிச்சம் என்று பொருள். மூவரும் சேர்ந்து கேட்கும்போது அத்தனை பேருக்கும் மேல் அடுக்கு விலையையே கணினி காட்டுகிறது. உடனே இருவருக்கு ஒரு டிக்கெட்டும் மூன்றாமவருக்குத் தனி டிக்கெட்டுமாகப் போட்டுவிடுவார். உங்களுடன் துணைக்கு யாராவது வருவதானால் நீங்களும் இப்படிப் பார்க்கலாம். விமானம் ரத்தானால் இரண்டு டிக்கெட்டுகளையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்பேசியில் தேடல் வரலாற்றை அழித்துவிட்டுத் தேடினால் விலை குறையும் என்று பலர் சொல்வதை நான் நம்புவதில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது விலை ஏறியிருந்தால், இடையில் வேறு யாரோ அந்த அடுக்கின் கடைசி இருக்கையை வாங்கியிருக்கக்கூடும்.

நம் மாவட்டத்துக்காரர்கள் உண்மையில் யோசிக்க வேண்டியது எந்த விமான நிலையம் என்பதைத்தான். தருமபுரிக்கு மிக அருகில் இருப்பது தொப்பூர் கணவாயைத் தாண்டி ஓமலூரை அடுத்துள்ள காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம். சிறு நகரங்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2023 அக்டோபரில் அங்கே மீண்டும் சேவை தொடங்கியது என்றாலும், தென்னிந்திய நகரங்கள் சிலவற்றுக்குச் சிறிய விமானங்களே செல்கின்றன. டெல்லிக்கு வேறு ஊரில் மாறித்தான் போக வேண்டும். அப்படி மாறுவதானால் இரு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தப் பணமும் போய்விடும். ஓசூரில் ஒரு விமான நிலையம் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், சில விலக்குகள் தவிர, 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையம் வரக்கூடாது என்ற நிபந்தனை 2033 வரை இருக்கிறது.

ஆகவே பெங்களூருதான். அங்கிருந்து டெல்லிக்கு நாள் முழுவதும் விமானங்கள் இருப்பதால், கீழ் அடுக்கு இருக்கை ஏதாவது ஒன்றிலாவது மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அது விடியற்காலை விமானத்திலோ நள்ளிரவு விமானத்திலோதான் இருக்கும். ஆனால் டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விமான நிலையம் நகரின் வடகோடியில் தேவனஹள்ளியில் இருக்கிறது. நாமோ ஓசூர், அத்திப்பள்ளி வழியாகத் தென்கோடியில் நுழைகிறோம். பகல் நெரிசலில் நகரைக் கடக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். நகருக்குள் நுழைந்ததும் சில்க் போர்டில் இறங்கி, விமான நிலையத்துக்குச் செல்லும் வாயு வஜ்ரா பேருந்தைப் பிடித்தால் செலவு அடக்கமாக இருக்கும்; டாக்சி எடுத்தால் விடியற்காலை விமானத்தில் மிச்சப்படுத்திய தொகையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். காலை ஆறு மணி விமானம் என்றால் முந்தின இரவு பத்து மணிக்கெல்லாம் தருமபுரியில் பேருந்து ஏறிவிடுங்கள். எந்த டெர்மினல் என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் இரண்டு இருக்கின்றன. சென்னையையும் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். ஆனால் வித்தியாசம் ஆயிரம் ரூபாய்க்குமேல் இல்லையென்றால் அவ்வளவு தூரம் போவது தேவையற்றது.

இறங்கும் இடத்திலும் இதே கணக்குதான். டெல்லி என்று மட்டும் தேடாமல், காசியாபாத்தை ஒட்டிய ஹிண்டன் விமான நிலையத்தையும் தேடுங்கள். 2025 மார்ச் முதல் பெங்களூரிலிருந்து அங்கும் விமானங்கள் விடப்பட்டன. தேர்வு நொய்டா பக்கம் என்றால் அது வசதியாகவும் இருக்கும். கூகுள் ஃபிளைட்ஸ் போன்ற தளங்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாங்குவதற்கு முன் அந்த விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இறுதித் தொகையைப் பாருங்கள். இடைத்தரகுத் தளங்களில் வசதிக் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். அதே சமயம் உங்கள் வங்கி அட்டைக்குச் சலுகை இருந்தால் அங்கேயே குறையவும் செய்யும். ஒரு சட்டை, ஒரு கோப்பு என்று ஏழு கிலோவுக்குள் கைப்பையிலேயே முடித்துக்கொள்ள முடியுமானால், செக்-இன் லக்கேஜ் இல்லாத கட்டணத்தைச் சில நிறுவனங்கள் தருகின்றன; அதை எடுக்கலாம். மாணவர் சலுகை உண்டு என்றாலும், உங்களிடம் இன்னும் செல்லுபடியாகும் கல்லூரி அடையாள அட்டை இருக்க வேண்டும்.

நண்பர்கள் சொன்ன மலிவு டிக்கெட் முழுக் கட்டுக்கதையும் அல்ல. முகவர்கள் மொத்தமாக முன்பணம் கட்டி வாங்கி வைக்கும் ‘சீரிஸ்’ டிக்கெட்டுகள் விற்காமல் தங்கிவிட்டால், நாள் நெருங்கும்போது குறைத்துக் கொடுப்பார்கள். சுற்றுலாத் தலங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும்தான் இவை அதிகம் கிடைக்கும். டெல்லிக்கும் இருக்கிறதா என்று ஊரிலுள்ள டிராவல்ஸில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், பணம் கொடுத்த கையோடு பி.என்.ஆர். எண்ணை விமான நிறுவனத் தளத்தில் போட்டு உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் இலவசமாக ரத்து செய்யலாம் என்ற விதி, ஒரு வாரத்துக்குள் புறப்படும் பயணங்களுக்குப் பொருந்தாது. எனவே தேர்வுத் தேதியை அந்த அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள். அப்படியும் தேர்வு தள்ளிப்போய் ரத்து செய்ய நேர்ந்தால், திரும்பப் பெற முடியாத டிக்கெட்டிலும்கூட வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். அந்தத் தொகை வந்து சேரும்வரை விடாமல் கேளுங்கள்.