உடையில்லா சைக்கிள் பயணம்: கேட்டதும் சொன்னதும்

உலக நிர்வாண சைக்கிள் பயணம் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘பெயர் வேண்டாம்’ என்ற குறிப்போடு வந்தன. அதனால் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். நான்கு முறை ஓட்டியிருக்கிறேன், இரண்டு முறை தன்னார்வலராக வழியில் நின்றிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இது போராட்டமா, இல்லை கூத்தா?

இரண்டும்தான். 2001-இல் ஸ்பெயினின் சரகோசா நகரில் சைக்கிள்காரர்கள் உடையைக் களைந்துவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். 2004-இல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கான்ராட் ஷ்மிட் அதை உலகம் முழுக்க ஒரே நாளில் நடத்தலாம் என்று கிளம்பினார். அந்த ஜூன் 12 அன்று 10 நாடுகளில் 28 இடங்களில் நடந்தது. பெட்ரோலை நம்பிய வாழ்க்கைக்கு எதிர்ப்பு, கார்களுக்கு நடுவே சைக்கிள்காரர் எவ்வளவு பாதுகாப்பில்லாமல் போகிறார் என்று காட்டுவது, உடம்பைப் பற்றிய கூச்சத்தை உடைப்பது என்று காரணங்கள் பல. ‘இப்போதாவது என்னைத் தெரிகிறதா?’ என்று முதுகில் எழுதிக்கொண்டு ஓட்டுபவர்களை எல்லா ஊர்வலத்திலும் பார்க்கலாம்.

கேள்வி: முழுவதும் கழற்றியே ஆக வேண்டுமா?

வேண்டாம். துணிச்சல் எவ்வளவோ அவ்வளவு கழற்றினால் போதும் என்பதுதான் இதன் கொள்கையே. உள்ளாடையோடு வருகிறவர்கள் உண்டு, உடம்பு முழுக்க வர்ணம் பூசி வருகிறவர்கள் உண்டு. முதல் தடவை நான் பாதி தூரம் அரைக்கால் சட்டையோடுதான் ஓட்டினேன். அப்புறம் ஒரு சிக்னலில் நின்றபோது சுற்றிப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் வித்தியாசமாகத் தெரிந்தவன் நான்தான்!

கேள்வி: போலீஸ் பிடித்தால்?

ஊருக்கு ஊர் சட்டம் வேறு. இங்கிலாந்தில் பொது இடத்தில் உடையில்லாமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது. பிறரை மிரட்சியடையவோ மனம் நோகவோ வைக்கும் நோக்கம் இருந்தால்தான் 2003-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தில் உடம்பைக் காட்டுவது பற்றிய பிரிவு பாயும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நிர்வாணமாக ஓட்டிய ஒருவர் மீதான வழக்கை 2008-இல் ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார். அந்த ஊரில் இது வேரூன்றிய மரபு, ஒரு வகைப் போராட்டம் என்பது அவர் சொன்ன காரணம். சான் பிரான்சிஸ்கோ 2012-இல் பொது இட நிர்வாணத்துக்குத் தடை போட்டது, ஆனால் அனுமதி பெற்ற ஊர்வலங்களுக்கு விலக்கு உண்டு. எந்த ஊராக இருந்தாலும், வீட்டிலிருந்து உடையோடு போய், கூடும் இடத்தில் கழற்றி, முடியும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். தனியாக வீடு திரும்பும்போது நீங்கள் ஊர்வலம் இல்லை.

கேள்வி: என்னைப் போட்டோ எடுப்பதைத் தடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. இந்தப் பயணத்தில் எப்போதும் உறுத்துகிற முரண் இதுதான். என்னைப் பாருங்கள் என்று கத்திக்கொண்டே தெருவில் போகிறோம், பார்த்தவர் கேமராவைத் தூக்கினால் கோபம் வருகிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொதுச் சாலையில் நடப்பதைப் படம் எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆனால் எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. ஜெர்மனியில் 1907-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரின் படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும். ஊர்வலங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது கூட்டத்தைக் காட்டும் படத்துக்குத்தான், கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் பிய்த்தெடுத்துக் காட்டும் படத்துக்கு இல்லை. கனடாவின் கியூபெக்கில் ஒரு கட்டடப் படியில் சும்மா உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை, முழு உடையோடு இருந்த படத்தைத்தான், ஒரு பத்திரிகை கேட்காமல் வெளியிட்டது. 1998-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு 2,000 டாலர் இழப்பீடு கொடுத்தது சரியே என்றது. உடம்பு தெரிந்ததா என்பதே அங்கே பேச்சில்லை, அது யாருடைய முகம் என்பதுதான் பேச்சு.

கேள்வி: அலுவலகத்தில் தெரிந்தால் சங்கடம். அடையாளம் தெரியாமல் ஓட்ட வழி?

முகத்தில் வர்ணம், பெரிய கறுப்புக் கண்ணாடி, விக். மூன்றில் இரண்டு போதும். எல்லாரும் முகத்தை மறைத்துவிட்டு மற்றதைக் கோட்டை விடுகிறார்கள். கையில் பச்சை குத்தியிருக்கிறதா? அதன்மேல் வர்ணம் பூசுங்கள். முகமூடி போட்ட என் நண்பரைப் படத்தில் பார்த்ததும் அவருடைய மாமியார் கண்டுபிடித்துவிட்டார். காட்டிக்கொடுத்தது சைக்கிளின் முன்னால் இருந்த மஞ்சள் கூடை. முடிந்தால் வேறு சைக்கிள் இரவல் வாங்குங்கள்.

ஓடும்போது எடுக்கிற படங்களைவிட, கிளம்புவதற்கு முன் சும்மா நிற்கும்போது எடுக்கிற படங்களில்தான் முகம் தெளிவாக விழும். அதனால் கூடும் இடத்தில் கடைசி நிமிடம் வரை உடையோடு இருங்கள். போன வழியைப் பதிவு செய்யும் செயலியை அன்று அணைத்துவிடுங்கள். முகத்தை மறைத்துவிட்டு, வீட்டு வாசலில் தொடங்கும் வரைபடத்தை எல்லாருக்கும் காட்டுவதில் என்ன பயன்?

கேள்வி: நான் படம் எடுப்பவன். எப்படி எடுத்தால் யாருக்கும் உறுத்தாது?

உங்களைப் பார்க்கும்படி நில்லுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு தடவை நான் தன்னார்வலராக நின்றபோது, புதருக்குப் பின்னால் முழ நீள லென்ஸோடு ஒருவர் ஒரே பெண்ணைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தார். சட்டப்படி நான் ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் ஐந்து பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் வரிசையாக நின்று, தண்ணீர் குடித்தோம். மெதுவாகக் குடித்தோம்.

தனி ஆளை எடுப்பதானால் கண்ணைப் பார்த்து, கேமராவைக் காட்டிக் கேளுங்கள். தலையாட்டினால் எடுங்கள். எடுத்ததைத் திரையில் காட்டி, அழிக்கச் சொன்னால் அங்கேயே அழியுங்கள். வெளியிடும்போது யார் பெயரையும் இணைக்காதீர்கள். செல்ஃபி எடுக்கிற ஓட்டிகளுக்கும் இதே விதிதான், உங்கள் பின்னால் நிற்பவர் சம்மதிக்கவில்லை.

கேள்வி: என் படம் இணையத்தில் வந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில் அந்தப் பக்கத்தின் முகவரியையும் திரைப்பிடிப்பையும் சேமியுங்கள். பிறகு போட்டவருக்குத் தனியாக, மரியாதையாக எழுதுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் எடுத்துவிடுகிறார்கள். மறுத்தால் தளத்தில் புகார் செய்யுங்கள். சம்மதமில்லாத நிர்வாணப் படங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கேட்கும் படிவம் கூகுளில் இருக்கிறது, ஆனால் பொது நிகழ்ச்சியில் எடுத்த படம் என்றால் மறுக்கவும் கூடும். படத்தின் கீழேயே சண்டை மட்டும் போடாதீர்கள். பத்துப் பேர் பார்த்த படத்தை நூறு பேர் பார்ப்பார்கள்.

கேள்வி: சீட்?

இதைத்தான் பலர் வெட்கப்பட்டுக் கடைசியில் கேட்கிறார்கள். ஒரு சிறு துண்டைச் சீட்டின்மேல் இறுக்கிக் கட்டுங்கள், உங்களுக்கும் நல்லது, இரவல் கொடுத்தவருக்கும் நல்லது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். வழக்கமாக வெயில் படாத இடங்களில் சன்ஸ்கிரீன் தாராளமாக. முக்கியமாக, கழற்றிய துணியைச் சைக்கிளிலேயே பையில் கட்டிக்கொள்ளுங்கள். கிளம்பிய இடத்தில் வைத்துவிட்டுப் போய், ஊர்வலம் வேறு இடத்தில் முடிந்து, துண்டோடு நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். யார் என்று கேட்காதீர்கள்.