காரை உதிர்ந்தால் என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

மழை முடிந்த கையோடு சுவர்களைப் பற்றிய கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. பூசாத செங்கல் சுவர், அதன் கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் உதிரும் காரை, இவைதான் பெரும்பாலானவற்றில் விஷயம். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் தாத்தா 1920களில் கட்டிய வீடு. வெளிச் சுவர் பூசாத செங்கல். சந்துகளில் காரை உதிர்ந்ததால் இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பக்கம் முழுக்கச் சிமெண்ட் பாயிண்டிங் செய்தோம், அதாவது சந்துகளைச் சிமெண்டால் அடைத்தோம். இப்போது சிமெண்ட் அப்படியே இருக்கிறது, ஆனால் செங்கல் தோல் உரிந்து பொடியாகக் கொட்டுகிறது. மட்டமான கல்தான் காரணம் என்கிறார் கொத்தனார். மற்ற மூன்று பக்கமும் இதேபோல் செய்யலாமா?

செய்யாதீர்கள் அம்மா. கல் மட்டமாக இருந்தால் தொண்ணூறு வருடங்களுக்கு மேல் நின்றிருக்காது. கெடுத்தது அந்தச் சிமெண்ட்தான்.

உங்கள் வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டியதாகத்தான் இருக்கும். 1904லேயே சென்னையில் சிமெண்ட் தயாரிக்க முயன்றிருக்கிறார்கள் என்றாலும், ஊர் வீட்டுச் சுவர்களுக்கு அது சாதாரணமாக வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்துத்தான். சந்தேகமாக இருந்தால் மழைச்சாரல் படாத இடத்தில் ஒரு ஆணியால் சந்தைக் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பு என்றால் வெளுப்பாக, சுலபமாகப் பொடிந்து வரும், நடுநடுவே அரிசி நொய் அளவில் வெள்ளைக் கட்டிகள் தெரியும். சிமெண்ட் என்றால் சாம்பல் நிறம், ஆணிதான் வழுக்கும்.

எந்தச் செங்கல் சுவரும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். சாரல் ஒரு பக்கம், தரையிலிருந்து ஏறும் ஓதம் ஒரு பக்கம். சுண்ணாம்புச் சந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் கெட்டியான சிமெண்டை அடைத்தால் அந்த வழி மூடிவிடும். அப்புறம் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். போகும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த உப்பு கல்லின் தோலுக்குச் சற்று உள்ளே படிகமாகி, மேல்தோலைத் தள்ளிவிடுகிறது. இது போதாதென்று, வெயிலில் கல் விரியும்போது மெத்தென்ற சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சிமெண்ட் விட்டுக்கொடுக்காது. கல்லின் ஓரம்தான் நொறுங்கும்.

என் அப்பா கொத்தனார். சந்துக் காரை எப்போதும் கல்லைவிட ஒரு படி இளசாக இருக்க வேண்டும் என்பதில் அவர் அசைய மாட்டார். தேய்வதற்கென்றே இருப்பது சந்து. செருப்பு தேய்ந்தால் வேறு வாங்கலாம், பாதம் தேய்ந்தால் என்ன செய்வது? காரையைத் தலைமுறைக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். உரிந்த செங்கலை என்ன செய்தாலும் பழையபடி ஆக்க முடியாது.

சரி, இனி வேலை. சிமெண்ட் போட்ட பக்கத்தில், லேசாகத் தட்டினால் பெயரும் இடங்களில் மட்டும் எடுங்கள். கல்லோடு ஒட்டிக்கொண்ட இடத்தை நோண்டினால் கல்லின் விளிம்பும் சேர்ந்து வரும், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் கெட்டியாக இருக்கும் காரையைத் தொடவே வேண்டாம். முழுச் சுவரையும் சுரண்டினால்தான் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள்.

உதிர்ந்த சந்தைச் சன்ன உளியும் சிறு சுத்தியலும் வைத்துக் கையால் எடுக்க வேண்டும். சந்து எவ்வளவு அகலமோ அதைப்போல் இரண்டு மடங்காவது ஆழம் வேண்டும். பத்து மில்லிமீட்டர் சந்துக்கு இருபது, இருபத்தைந்து. உள்ளே போகப்போகக் குறுகாமல் அடிவரை சதுரமாக இருக்கட்டும். மேலாகச் சுரண்டிவிட்டு வழித்துவிடும் காரை அடுத்த மழைக்கே பத்தை பத்தையாக விழுந்துவிடும். தூசியைப் பிரஷ்ஷால் தள்ளி, முந்தின நாள் மாலையே நன்றாகத் தண்ணீர் அடித்துவிடுங்கள். காரை வைக்கும்போது சந்து ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் மினுங்கக் கூடாது.

கலவைக்கு, நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு, சுர்க்கி எனப்படும் செங்கல் பொடி ஒரு பங்கு. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் குழைக்க வேண்டும். கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஈஷக் கூடாது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய வழக்கம். கைப்பழக்கம் உள்ளவர் இருந்தால் சேர்க்கட்டும், இல்லையென்று வேலையை நிறுத்த வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பொல்லாதது, வேலை செய்கிறவருக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

ஒரே அடியாக அடைக்காமல் இரண்டு மூன்று படையாக வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படையும், கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை மட்டும் பதியும் அளவுக்கு இறுகிய பிறகுதான் அடுத்தது. கடைசிப் படை கல்லின் விளிம்புக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், உள்ளே நிற்கட்டும், கல் முகத்தில் வழித்துவிடக் கூடாது. பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலை மறைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சித்தான் கெட்டிப்படும், அவசரமாகக் காய்ந்தால் பொடியாகிவிடும்.

முதலில் பின்பக்கம் ஒரு முழம் இடத்தில் செய்து காயவிட்டு, நிறமும் பிடிப்பும் பார்த்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: எட்டு வருட வீடு. வயர்கட் செங்கல் (இயந்திரத்தில் கம்பியால் அறுத்தது), வெளியே பூச்சு இல்லை. மேற்குச் சுவரில் மட்டும் சந்தைத் தடவினால் மணல் கொட்டுகிறது. கிரைண்டர் வைத்து எல்லாச் சந்தையும் வெட்டிவிட்டு ஒன்றுக்கு மூன்று, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல், போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர்.

ஒரு சுவர் மட்டும் உதிர்கிறது என்றால் முதலில் மேலே பாருங்கள். டேங்க் வழிகிறதா, மழைத்தண்ணீர்க் குழாய் விட்டுப்போயிருக்கிறதா, சன்ஷேட் தண்ணீர் சுவரிலேயே இறங்குகிறதா? அதைச் சரிசெய்யாமல் சந்தைத் தொட்டால் காசுதான் வீண். மேலே எதுவும் இல்லையென்றால், கட்டும்போது அந்தப் பக்கம் வெயிலில் காய்ந்திருக்கும், போதுமான அளவு தண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள்.

உங்களுடையது சிமெண்டில் கட்டிய வீடு, சிமெண்ட் போடலாம். ஆனால் ஒன்றுக்கு மூன்று தேவையில்லாத கெட்டி. சிமெண்ட் ஒன்று, பையில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூள் ஒன்று, பூச்சு வேலைக்கான சன்ன மணல் ஆறு. இந்தக் கலவை கைக்கு வெண்ணெய் மாதிரி வரும், சுருங்கி மயிர்க்கோடு விடுவதும் குறைவு. கொத்தனார் முகம் சுளிப்பார். ஒருநாள் வேலை செய்து பார்த்தால் அவரே கேட்பார்.

கிரைண்டர் வேண்டாம். படுக்கைச் சந்தில் ஓரளவு சமாளிக்கலாம், நிற்கும் சந்து மூன்று அங்குலம்தான், வட்டுத் தகடு மேலும் கீழும் கல்லைக் கீறாமல் உள்ளே போகாது. அந்தக் கீறல் வீடு இருக்கும்வரை தெரியும். கொட்டுகிற இடத்தை மட்டும் உளியால் எடுத்தால் போதும்.

முடிக்கும்போது சந்தை உள்ளே தள்ளிக் காடி மாதிரி விடுகிறார்களே, அது நிழல் விழுந்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கல்லின் தலையிலும் தண்ணீர் உட்கார ஒரு திண்ணை கட்டிக் கொடுத்த மாதிரி. சந்தைவிடக் கொஞ்சம் பருமனான கம்பியை லேசாக வளைத்து, காரை பாதி இறுகியதும் அழுத்தி இழுக்கச் சொல்லுங்கள். உள்வளைவாக, நெருக்கமாக அமுங்கி நிற்கும், தண்ணீர் தங்காது. ஏழு நாள் ஈரம் வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் இந்த வேலையை எடுக்காதீர்கள், ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி: சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவி வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

நிற்காது. ஆசிட் உப்போடு சேர்த்துச் சந்துக் காரையையும் தின்னும். வார்னிஷ் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், பிறகு கல் உரியும். வெயில் நாளில் காய்ந்த பிரஷ்ஷால் தள்ளி, கீழே காகிதம் விரித்து உப்பை வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். பூத்தால் மறுபடி தள்ளுங்கள். கூடவே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டதால் வெளித்தரை உங்கள் அஸ்திவார மட்டத்துக்கு மேலே வந்திருக்கிறதா, சுவரை ஒட்டிச் செடிப் பாத்தி இருக்கிறதா, துணி துவைக்கும் தண்ணீர் அங்கே தேங்குகிறதா? சந்து வேலை செய்ய வேண்டி வந்தால், கலவைக்கும் நனைப்பதற்கும் உப்பு போர் தண்ணீர் கூடவே கூடாது. லாரித் தண்ணீராக இருந்தாலும் நல்ல தண்ணீர் வாங்குங்கள்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: ஜன்னல் மூலையிலிருந்து சந்து வழியாகப் படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறுகிறது. இரண்டு முறை அடைத்தும் திறந்துகொள்கிறது.

உங்கள் ஊர்க் கரிசல் மண் தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். உங்கள் அஸ்திவாரம் அசைகிறது, சந்து அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். மூன்றாம் முறை அடைக்காதீர்கள். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் இடைவெளியும் அங்கேயே எழுதுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் மாதாமாதம் அளந்து பாருங்கள். இடைவெளி ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கதவு ஜன்னல் பிடிக்க ஆரம்பித்தாலோ அதுவரை காத்திருக்காமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கொத்தனார் பார்க்கிற விஷயம் இல்லை இது.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: கைப்பிடிச் சுவரின் சந்தில் அரசங்கன்று முளைக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது.

வெட்டுவதால்தான் துளிர்க்கிறது, வேர் போக வேண்டும். விரல் பருமனுக்குள் இருந்தால் நல்ல மழை பெய்த மறுநாள், காரை ஈரமாக இருக்கும்போது, சந்தை உளியால் திறந்து வேரைக் கடைசிவரை தொடர்ந்து எடுங்கள். பருத்த வேரைப் பிடித்து இழுக்க வேண்டாம், இரண்டு கல்லும் சேர்ந்து கையோடு வரும். மேல்வரிசைக் கற்களைக் கழற்றி, வேரை அறுத்து எடுத்துவிட்டு, கழுவிய அதே கற்களைத் திரும்ப வைத்துக் கட்டுங்கள். கட்டியதும் கைப்பிடிச் சுவரின் தலையில் மாடிப் பக்கம் சரிவாக ஒரு பூச்சு போட்டுவிடுங்கள். காக்கை எச்சம் விழத்தான் செய்யும், விதை தங்க ஈரச் சந்து கிடைக்காமல் இருந்தால் போதும்.