புதுப்பித்த பின் பிரெயில் பிழையாக வருகிறது: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் சங்கம் பார்வையற்ற உறுப்பினர்களுக்காகத் தேவாரப் பாடல்களைப் பிரெயிலில் அச்சிட்டுத் தருகிறது. நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய பிரெயில் மாற்று மென்பொருளைச் சென்ற மாதம் புதுப்பித்ததிலிருந்து மெய்யெழுத்துகள் பிழையாக விழுகின்றன. ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி எழுதும் பழைய பிரெயில் முறைக்கான மாற்று அட்டவணையும் நீக்கப்பட்டுவிட்டது. இரண்டுக்கும் அடுத்த பதிப்பை விலைக்கு வாங்கும்படி விற்பனையாளர் சொல்கிறார். இது முறையா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இவ்விரண்டையும் ஒரே புகாராக எழுதாதீர்கள், முதலாவது பழுது, இரண்டாவது கைவிடப்பட்ட வசதி.

கணினி உரையில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்துக்குப் பின்னால் பதிவாகிறது. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலிலோ (ஒவ்வொரு கட்டமும் 1 முதல் 6 வரை எண்ணிட்ட புள்ளிகளால் ஆனது) அதைக் குறிக்கும் 4ஆம் புள்ளி எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். ‘அம்மா’ என்பது 1, 4, 1-3-4, 1-3-4, 3-4-5 என்ற வரிசையில் அமைய வேண்டியிருக்க, புதுப்பித்தபின் 4ஆம் புள்ளி இரு மகரங்களுக்கும் நடுவில் விழுந்தால், விரலால் படிப்பவருக்கு இரண்டாம் மகரமே மெய்யாகிவிடும். முன்பு சரியாக இயங்கியது இப்போது கெட்டிருப்பதால், இது விற்றவர் சரிசெய்து தர வேண்டிய பழுதே. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மென்பொருள் உரிமத்தையும் பொருளாகவே கொள்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றுள் எதைக் கேட்பது என்பது வாங்கியவரின் விருப்பம். (‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருந்தாலும் இவ்வுரிமை போய்விடாது.) ஆனால் சங்கத்தின் சொத்து மதிப்போ ஆண்டு வரவோ 20 லட்சம் ராண்டை எட்டினால் இச்சட்டம் உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவதில் உங்கள் பக்கம் அவ்வளவு வலுவானதன்று. தென்னாப்பிரிக்கா 2004ஆம் ஆண்டிலேயே ஒருங்கிணைந்த ஆங்கில பிரெயிலை (ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கான பொது முறை) ஏற்றுக்கொண்டதால், அதற்கு முந்திய அட்டவணையை நீக்கியதை மட்டும் வைத்துக் குறை என்று வாதிடுவது கடினம். எனினும், பழைய முறை தேவை என்பதை வாங்கும் முன்பே விற்பனையாளரிடம் தெரிவித்திருந்தால், அந்நோக்கத்திற்குப் பொருள் பயன்பட வேண்டும் என எதிர்பார்க்கச் சட்டம் இடமளிக்கிறது. அப்படித் தெரிவித்த மின்னஞ்சல் இருந்தால் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் வழக்காடுவதை விட, பழைய பிரிட்டிஷ் முறைக்கும் அட்டவணை வைத்திருக்கும் லிப்லூயிஸ் என்ற இலவச மென்பொருளை அவ்வேலைக்குப் பயன்படுத்துவதே மேல்.

‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் எந்த நிரலாளராலும் எதுவும் செய்ய முடியாது. பதிப்பு எண், அட்டவணையின் பெயர், உள்ளிட்ட ஒரு வரி, கிடைத்த புள்ளிகள், கிடைத்திருக்க வேண்டிய புள்ளிகள் ஆகிய அனைத்தையும் குறிப்பிட்டு, பழுதுநீக்கத்தையே முதலில் கேளுங்கள். பணத்தைத் திரும்பப் பெற்றால் மென்பொருளையும் இழப்பீர்கள். விற்பனையாளர் மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

அதுவரை, முன்பு பிஆர்எஃப் (அச்சுக்குத் தயாரான பிரெயில்) கோப்புகளாகச் சேமித்த பாடல்களை அப்படியே பிரெயில் அச்சுப்பொறிக்கு அனுப்பலாம். அவை ஏற்கெனவே பிரெயிலாக மாற்றப்பட்டவை என்பதால் புதுப்பிப்பு அவற்றைத் தீண்டாது.